பகுதியும் விகுதியும்: ஆங்கிலச் சொல்லைத் தமிழ்க் கண்கொண்டு நோக்கல்

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய நம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது சங்க இலக்கிய நயமோ, சமய குரவர் ஒருவரின் சரிதமோ ஆகலாம். நாம் எடுத்துக்கொண்டதோ ஆங்கில இலக்கணம். தமிழ் வாத்தியாருக்கு ஆங்கிலத்தில் என்ன வேலை என்று பழைய மாணவ நண்பர் சிலர் முறுவலிப்பர். அம்முறுவலுக்கு விடை கட்டுரையின் போக்கிலே தானே வரும். முதற்கண் ஒரு நிகழ்ச்சியை மாத்திரம் கூறி மேலே செல்கின்றோம்.

ஒரு கடிதம்

சில ஆண்டுகளுக்கு முன், ஹட்டனை அடுத்த தோட்டமொன்றிலிருந்து முதியவர் ஒருவர் தம் பேரனையும் அழைத்துக்கொண்டு நம் இல்லத்துக்கு வந்தார். அவர் கையில் ஓர் அலுவலகத்திலிருந்து வந்த ஆங்கிலக் கடிதம் இருந்தது. பேரன் அப்பொழுது பத்தாந் தரத்தில் நம்மிடம் தமிழ் பயின்றவன், கெட்டிக்காரன். கடிதம் வந்த அன்று அதனைப் பிரித்துப் படித்தவன் அவனே. அதில் ‘எலிஜிபிள்’ என்னுஞ் சொல்லைக் கண்டான். அதற்குத் ‘தகுதியுடையவர்’ என்பது பொருள் என்று வகுப்பிலே கற்றிருந்தான். உடனே, தாத்தா விண்ணப்பித்த உதவிப்பணம் கிடைத்துவிட்டதென்று லயம் முழுவதற்கும் சொல்லிவிட்டான். மறுநாள் முதியவர் மகனைத் துணைக்கழைத்துக்கொண்டு பஸ் ஏறிச் சென்றார். மகனுக்கு அன்றைய பேர் போயிற்று. அலுவலகத்தில் அவர்களுக்குக் கிடைத்தது கையை விரித்த விடையே.

“மாஸ்டர், பையன் படிச்சது பொய்யா, கடுதாசி பொய்யா?” என்று கேட்டார் முதியவர்.

இரண்டும் பொய்யல்ல. கடிதத்தில் இருந்த சொல் ‘இன்எலிஜிபிள்’ என்பது. சொல்லை அறிந்திருந்த மாணவன் அதன் தலையில் நின்ற இரண்டெழுத்தைக் கவனியாது விட்டான். அவ்விரண்டெழுத்துப் பொருளைத் தலைகீழாக்கிவிட்டது.

அன்றிரவு நாம் நெடுநேரம் சிந்தித்தோம். இதே மாணவனிடம் ‘தகாத’ என்னுஞ் சொல்லைக் கொடுத்து, இதில் எதிர்மறையை உணர்த்தும் உறுப்பு யாதெனக் கேட்டால், ‘ஆகார இடைநிலை’ என்று தட்டாமல் விடை சொல்வான். தமிழ்ச் சொல்லைப் பிரித்துப் பார்க்கக் கற்றவன் ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம் என்பதை மாத்திரம் அறியான். அதனை ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. தமிழாசிரியராகிய நாமும் சொல்லவில்லை. அக்குறையை ஒருவாறு நிரப்பவே இக்கட்டுரை எழுதலாயிற்று.

சொல்லின் உறுப்புகள்

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், பகுக்கத்தக்க சொல்லின் உறுப்புகள் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு எனக் கூறிப்போந்தார். ‘நடந்தனன்’ என்ற சொல்லில் இவ்வாறும் உள. நட என்பது பகுதி. முதலில் நின்ற தகரம் சந்தி. அது நகரமாய்த் திரிந்தது விகாரம். அடுத்த தகரம் இறந்தகால இடைநிலை. அதனையடுத்த அன் சாரியை. இறுதி அன் ஆண்பால் விகுதி. இப்பயிற்சியை நம் மாணவர் எட்டாந் தரம் முதலே செய்து வருகின்றனர்.

ஆங்கிலச் சொல்லுக்கும் இத்தகைய உடற்கூறு உண்டு. அதில் மூன்றுறுப்புகளைக் கண்டுகொண்டால் பெரும்பாலும் போதும். நடுவே பகுதி, பின்னே விகுதி, முன்னே நிற்பதனை முன்னொட்டு என்பர். தேயிலை மலையில் வாழும் நமக்கு இதற்கு உதாரணந் தேட வேண்டுவதில்லை. ‘பிளக்’ என்றால் கொழுந்தெடுத்தல். ‘பிளக்கர்’ என்றால் கொழுந்தெடுப்பவர். ‘பிளாண்ட்’ என்றால் நடுதல். ‘பிளாண்டர்’ என்றால் நடுவிப்பவராகிய தோட்டத்துரை. ‘பிளாண்டேஷன்’ என்றால் நட்டு உண்டாக்கிய பெருந்தோட்டம். ‘எர்’ என்பது வினைமுதலைக் காட்டும் விகுதி. ‘ஏஷன்’ என்பது தொழிலையோ தொழிலால் விளைந்ததனையோ காட்டும் விகுதி.

தோட்டத்திலே நாடோறும் வழங்கும் ‘சூப்பர்வைசர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இது இலத்தீன் வழி வந்தது. ‘சூப்பர்’ என்றால் மேல். ‘வைஸ்’ என்பது பார்த்தலைக் குறிக்கும் பகுதி. ‘ஓர்’ என்பது ஆளைக் காட்டும் விகுதி. இனித் தமிழிலே ‘மேற்பார்வையாளர்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: மேல், பார்வை, ஆளர். உறுப்புக்கு உறுப்பு ஒத்து நிற்கின்றதன்றோ! இவ்வாறு ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டினால், ‘விஷன்’, ‘விசிட்டர்’, ‘டெலிவிஷன்’ முதலிய சொற்களின் உள்ளேயும் பார்வை என்னும் பொருள் மறைந்திருப்பதை மாணவன் தானே காண்பான். ஒரு பகுதியை அறிந்தவனுக்குப் பத்துச் சொற்கள் எளிதில் வசமாகின்றன.

ஒரு விகுதியின் விலை

‘எர்’ விகுதிக்கு எதிரே நிற்பது ‘ஈ’ விகுதி. முன்னையது செய்பவரைக் காட்டும். பின்னையது செயலின் பயனை ஏற்பவரைக் காட்டும். பயிற்றுபவர் ‘டிரெய்னர்’, பயிற்றப்படுபவர் ‘டிரெய்னீ’. பணங் கொடுப்பவர் ‘பேயர்’, பெறுபவர் ‘பேயீ’. வேலை கொடுப்பவர் ‘எம்ப்ளாயர்’. வேலையில் அமர்த்தப்பட்டவர் ‘எம்ப்ளாயீ’.

இது வெறும் இலக்கண நுட்பம் என்று எண்ணற்க. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஊழியர் சேமலாப நிதி, ஈ.பி.எப். என்ற பெயரால் எல்லாத் தோட்டங்களிலும் அறியப்பட்டது. அந்நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 பங்கு பிடிக்கப்படுகின்றது. தொழில் கொடுப்போர் தம் பங்காக நூற்றுக்கு 12 இடவேண்டும். கணக்குத் தாளில் இவ்விரண்டும் ஆங்கிலத்தில் அடுத்தடுத்து அச்சிடப்படும்போது, இரு தலைப்புகளுக்குமிடையே உள்ள வேறுபாடு விகுதி ஒன்றே. அதனை அறிந்த மகனோ மகளோ, தாயின் இருபது ஆண்டு உழைப்பின் கணக்கைச் சரிபார்க்க வல்லவராவர். அறியாதவர் பிறர் சொல்வதைக் கேட்டுக் கையொப்பமிடுவர்.

விகுதியின் வலிமைக்கு இதனினும் பெரிய சான்று நம் மக்கள் வரலாற்றிலேயே உண்டு. ‘ஷிப்’ என்பது தன்மையையும் நிலையையும் குறிக்கும் விகுதி; தமிழின் ‘மை’ விகுதியோடு ஒப்பிடத்தக்கது. ‘சிட்டிசன்’ என்பவன் குடிமகன், ‘சிட்டிசன்ஷிப்’ குடியுரிமை. ‘லெஸ்’ என்பது இல்லாமையைக் குறிக்கும் விகுதி. நம் ‘அற்ற’ என்பதற்கு நிகர். ‘ஸ்டேட்’ என்றால் நாடு. ‘ஸ்டேட்லெஸ்’ என்றால் நாடற்றவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரிடமிருந்து ‘ஷிப்’ விகுதியைப் பறித்து, ‘லெஸ்’ விகுதியை அவர்தம் தலையில் ஏற்றியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் விதி 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலே தீர்க்கப்பட்டது. ஒப்பந்தங்களாலும் தீராது நின்றோர்க்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வரவேண்டியிருந்தன. ஒரு விகுதியைக் களைய ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. அக்காலத்திலே விண்ணப்பத் தாள்களை ஏந்தி, படித்தவர் வீட்டு வாசல்களில் நின்ற நம் பாட்டன் பாட்டிமாரை நினைக்குந்தோறும், சொல்லின் உறுப்பைக் கற்பித்தல் சிறு தொழிலன்று என்ற உணர்வு நமக்கு உண்டாகின்றது.

முன்னொட்டு

தனித் தமிழ்ச் சொல்லிலே எதிர்மறை பெரும்பாலும் நடுவிலோ இறுதியிலோ நிற்கும்: தகாத, கல்லாமை, வாரான், இல்லை. ஆதலின் தமிழ் மாணவனின் கண் எதிர்மறையைத் தேடிச் சொல்லின் பின்பக்கமே செல்லும். ஆங்கிலத்திலோ அது பெரும்பாலும் முன்வாசலிலேயே நிற்கும். நம் மாணவன் இடறியதன் காரணம் இதுவே. அவன் சோம்பேறியுமல்லன், மந்தனுமல்லன். தாய்மொழி பழக்கிய வழியிற் பார்த்தான், அவ்வளவே.

எனினும் முன்னொட்டு நமக்கு முற்றும் புதிதன்று. வடமொழியிலிருந்து வந்து நம் நாவிற் பழகிய ‘அநியாயம்’, ‘அநீதி’, ‘அசுத்தம்’ முதலிய சொற்களில் அகரம் முன்னே நின்று எதிர்மறையை உணர்த்துகின்றது. “இது அநியாயம்” என்று லயத்துப் பாட்டி சொல்லும்போது, எழுதப் படிக்க அறியாத அம்மூதாட்டி ஒரு முன்னொட்டைப் பிழையின்றி ஆள்கின்றாள். ‘அநியாயம்’ என்பதைக் காட்டி ‘அன்ஃபேர்’ என்பதைக் கற்பித்தால், எந்த மாணவனும் மறவான்.

ஆங்கிலத்தில் எதிர்மறை முன்னொட்டுகளுள் முதன்மையானவை ‘அன்’, ‘இன்’, ‘டிஸ்’, ‘நான்’ என்பன. ‘மிஸ்’ என்பது இன்மையைக் குறியாது பிழையைக் குறிக்கும். ‘மிஸ்ரீட்’ என்றால் படிக்காமை அன்று, பிழைபடப் படித்தல். ‘ரீ’ என்பது மீட்டுஞ் செய்தலையும், ‘ஓவர்’ என்பது அளவின் மிகுதியையும் குறிக்கும். கணக்குக்கு மேலெடுத்த கொழுந்தை ‘ஓவர் கிலோ’ என்று நம் பெண்கள் சொல்வதிலே இச்சொல்லின் பொருள் தெளிவாய் விளங்குகின்றது.

இவற்றுள் ‘இன்’ என்பது வருமொழிக்கேற்பத் திரியும். ‘பாசிபிள்’ என்பதோடு சேர்ந்து ‘இம்பாசிபிள்’ ஆகும். ‘லீகல்’ என்பதோடு சேர்ந்து ‘இல்லீகல்’ ஆகும். ‘ரெகுலர்’ என்பதோடு சேர்ந்து ‘இர்ரெகுலர்’ ஆகும். இவற்றை நான்கு வேறு முன்னொட்டுகளாக எண்ணி மனனஞ் செய்யும் மாணவரைக் கண்டு இரங்கியிருக்கின்றோம். நான்கும் ஒன்றே. ‘மரம்’ என்பது ‘கள்’ விகுதியோடு சேர்ந்து ‘மரங்கள்’ ஆவதும், ‘தான்’ என்பதோடு சேர்ந்து ‘மரந்தான்’ ஆவதும் எக்காரணத்தாலோ, அக்காரணமே ஈண்டும். அடுத்து வரும் எழுத்துப் பிறக்கும் இடத்துக்கு நாக்கும் இதழும் முன்கூட்டியே சென்றுவிடுகின்றன. புணர்ச்சி விதி தமிழுக்கு மட்டும் உரியதென்று எண்ணியிருந்தோமாயின், அது மனிதர் வாய்க்கே உரியதென்பதை இவ்வுதாரணம் தெளிவிக்கும்.

தேயிலைப் பொதியில் ஓர் இலக்கணப் பாடம்

தொகைச்சொற்களை விளக்கத் தேயிலைத் தொழிற்சாலையே நல்ல பள்ளிக்கூடம். தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் பொதிகளின் மேல் ‘பி.ஓ.பி.’, ‘எப்.பி.ஓ.பி.’ என்னும் எழுத்துகளை நம் பிள்ளைகள் பிறந்தது முதற் காண்கின்றனர். பின்னையதன் விரிவு ‘ஃபிளவரி புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ’ என்பது. இதில் இறுதிச் சொல்லாகிய ‘பீக்கோ’வே தலைச்சொல். அது சீன மொழியிலிருந்து வந்தது. கொழுந்தின் நுனியிலுள்ள வெண்ணிறப் பூமயிரைக் குறித்து எழுந்தது. ‘ஆரஞ்சு’ என்பது தரப் பெயரின் ஒரு கூறே. தோடம்பழச் சுவைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘புரோக்கன்’ என்பது ‘பிரேக்’ என்ற வினையிற் பிறந்து ‘உடைந்த’ எனப் பொருள்படுவது. நம் இலக்கணத்தில் இறந்தகாலப் பெயரெச்சம். ‘ஃபிளவரி’ என்பது ‘ஃபிளவர்’ என்ற பெயரோடு ‘இ’ விகுதி சேர்ந்து பெயரடையானது.

முன்னே நிற்பன யாவும் அடைகள். இறுதியில் நிற்பதே பொருள். இவ்விதி தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பொது. ‘டீ லீஃப்’ என்றால் தேயிலைச் செடியின் இலை; ‘லீஃப் டீ’ என்றால் இலை வடிவாய் உள்ள தேயிலைத்தூள் வகை. ‘வீட்டுப் படகு’ படகே. ‘படகு வீடு’ வீடே. ஆங்கிலத்தில் நீண்ட தொகைச்சொல்லைக் கண்டால் அஞ்சாமல் இறுதிச் சொல்லை முதலிற் பிடித்துக்கொள்க. பின்னர் அடைகளை ஒவ்வொன்றாய் அவிழ்க்கலாம்.

இனித் தொழிற்சாலையின் உள்ளே புகுவோம். அங்கே நடைபெறுவன ‘விதரிங்’, ‘ரோலிங்’, ‘டிரையிங்’, ‘சிஃப்டிங்’ என்பன: வாட்டல், உருட்டல், உலர்த்தல், சலித்தல். ஆங்கிலத்தின் ‘இங்’ இவ்விடங்களில் நம் ‘தல்’, ‘அல்’ விகுதிகளைப்போல் தொழிற்பெயரை ஆக்குகின்றது. ஆயின் அதே ‘இங்’ பெயருக்கு முன்னே அடையாய் நின்றால் நிகழ்காலப் பெயரெச்சம் போலவும் ஆகும். ‘விதரிங் லீஃப்’ என்றால் வாடுகின்ற கொழுந்து. ‘விதர்ட் லீஃப்’ என்றால் வாடிய கொழுந்து. மேல்மாடியில் பரப்பி ஒரு மணிநேரமேயான கொழுந்தும், மறுநாட் காலை உருட்டும் பொறிக்குச் செல்லக் காத்திருக்கும் கொழுந்தும் ஒன்றாகுமோ? டீமேக்கரைக் கேளுங்கள், காலங்காட்டும் விகுதியின் அருமையை அவர் சொல்வார்.

சொற்கள் நிற்கும் முறை

தமிழிலே பெயரின் வேலையை வேற்றுமை உருபு அறிவிக்கின்றது. “சிறுத்தை நாயைப் பிடித்தது” என்றாலும், “நாயைச் சிறுத்தை பிடித்தது” என்றாலும் இறந்தது நாயே. ஐகார உருபு நாயை விட்டு நீங்காது. ஆங்கிலத்திலோ பெயர்ச்சொல்லுக்கு அத்தகைய உருபு இல்லை; வாக்கியத்தில் நிற்கும் இடமே அதன் வேற்றுமை. ‘த லெப்பர்ட் காட் த டாக்’ என்பதில் இரு பெயர்களையும் இடம் மாற்றினால், நாய் சிறுத்தையைப் பிடித்துவிடும்! அத்தகைய வீர நாய்கள் நம் தோட்டங்களில் இல்லை; மாணவர் விடைத்தாள்களில் மாத்திரமே உள்ளன.

தமிழில் உருபு பெயரின் பின்னே வரும்: ‘ஹட்டனிலிருந்து கொழும்புக்கு’. ஆங்கிலத்தில் அதன் வேலையைச் செய்யுஞ் சொல் முன்னே வரும்: ‘ஃப்ரம் ஹட்டன் டு கொலம்போ’. தமிழில் வினை இறுதியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். ஆகவே ஆங்கில வாக்கியத்தை முதலில் எழுவாய், அடுத்து வினை, பின்பு ஏனையவை என அடுக்கிப் பழகுதல் வேண்டும்.

எழுவாயைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ‘வந்தேன்’ என்ற ஒரு சொல்லிலே வந்தவர் யாரென்பது அடங்கிவிடுகின்றது, ‘நான்’ வேண்டுவதில்லை. ஆங்கில வினைக்கு அவ்வாற்றல் இல்லாமையால் எழுவாயை விடலாகாது. “மழை பெய்கிறது” என்பதற்கு ‘இட் இஸ் ரெய்னிங்’ என்கின்றனர். அந்த ‘இட்’ எதைக் குறிக்கின்றது என்று ஒரு மாணவி நம்மைக் கேட்டாள். அஃது எதனையுங் குறிக்கவில்லை. எழுவாய்க்குரிய ஆசனம் வெறுமையாய் இருத்தலாகாது என்பதற்காக அமர்த்தப்பட்டது. ஆடி மாதத்து ஹட்டனிலே அச்சொல்லுக்கு ஓய்வே கிடையாது.

பழைய ஆங்கிலத்திலே வினைக்குப் பல விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்தன. நிகழ்காலத்தில் இன்று எஞ்சியிருப்பது, படர்க்கை ஒருமைக்குரிய ‘ஸ்’ ஒன்றே. ‘ஐ பிளக்’, ‘வீ பிளக்’, ‘தே பிளக்’. ஆனால் ‘ஷீ பிளக்ஸ்’. கொழுந்தெடுக்கிறேன், எடுக்கிறாய், எடுக்கிறாள், எடுக்கிறோம் என இடத்துக்கிடம் விகுதி மாற்றிப் பேசும் தமிழ்ப் பிள்ளைக்கு, ஒரே ஒரு விகுதியை நினைவில் வைத்தல் பெருஞ்சுமையாகாது.

‘எ’, ‘ஆன்’ என்பவற்றின் வேறுபாட்டையும் தமிழே கற்பிக்கும். மெய்யெழுத்தின் முன் ‘ஒரு’. உயிரெழுத்தின் முன் ‘ஓர்’. ஒரு மரம், ஓர் இலை. அவ்வாறே ‘எ ட்ரீ’, ‘ஆன் எஸ்டேட்’. ஆயின் ஆங்கிலத்தில் நோக்கவேண்டுவது எழுத்தை அன்று, ஒலியை. ‘யூனியன்’ என்ற சொல் உயிரெழுத்தால் எழுதப்படினும் யகர ஒலியோடு தொடங்குவதால் ‘எ யூனியன்’ என்பதே முறை. ‘அவர்’ என்னும் மணிநேரச் சொல்லின் முதலெழுத்து ஒலியாமையால் ‘ஆன் அவர்’ என்பர்.

ஏவலும் வேண்டுகோளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோட்டத்துக்குப் புதிதாய் வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைமாருக்குத் தமிழ் கற்பிக்கப் பெர்குசன் என்பார் ஒரு கைந்நூல் தொகுத்துக் கொழும்பில் வெளியிட்டார். அதன் பெயர் ‘இங்கே வா’. பெயரே முன்னிலை ஒருமை ஏவல் வினைமுற்று. ‘வாருங்கள்’ என்ற வடிவமுந் தமிழில் உண்டென்பதை அப்பெயர் சொல்லவில்லை. ஒரு மொழியைக் கட்டளையிடுவதற்கென்று மாத்திரங் கற்றால், அம்மொழியிற் பாதிகூடக் கைவராது.

இன்று நம் மாணவர் ஆங்கிலத்திலே எதிர்ப்பக்கமாய் இடறுகின்றனர். ஆங்கில முன்னிலைக்கு ‘யூ’ என்ற ஒரே சொல். நீ, நீர், நீங்கள் என்ற வேறுபாடு அதில் இல்லை. ஆதலின் மரியாதை வேறிடத்தில் அமைகின்றது. ‘கிவ் மீ லீவ்’ என்று அதிபருக்கு எழுதும் மாணவன், மனத்திலே ‘விடுமுறை தாருங்கள்’ என்றே எண்ணுகின்றான். தாளில் விழுவதோ ‘தா’ என்னும் ஏவல். ‘குட் யூ’, ‘வுட் யூ’, ‘மே ஐ’, ‘கைன்ட்லி’ என்பனவே ஆங்கிலத்தின் ‘உங்கள்’ விகுதி என்று கொள்க.

மேற்கூறிய முதியவரின் கடிதத்துக்கு மறுமொழி எழுதியபோது இவ்விரு பாடங்களும் ஒருங்கே பயன்பட்டன. பேரனையே எழுதச் சொன்னோம். ‘கன்சிடர்’ என்றால் கருதிப் பார்த்தல்; மீட்டுங் கருதிப் பார்க்கும்படி வேண்ட என்ன முன்னொட்டு வேண்டுமெனக் கேட்டோம். சிறிது நேரம் தாளையே நோக்கியிருந்தவன் ‘ரீகன்சிடர்’ என்றான். அதற்கு முன் ‘கைன்ட்லி’ என்றும் சேர்த்தான். ஒரு திங்கள் கழித்து விடை வந்தது. மேலும் இரண்டு சான்றிதழ் அனுப்புமாறு அதிற் கேட்டிருந்தனர். அதனை அவன் ஒவ்வொரு சொல்லின் தலையையும் விரலால் தொட்டுத் தொட்டுத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினான். எதுவும் விடுபடவில்லை.

கொண்டதுங் கொடுத்ததும்

ஆங்கிலம் நம்மிடமிருந்து கொண்ட சொற்கள் சில உள. கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் ஆகியவை கடல் கடந்து சென்று உருமாறி அம்மொழி அகராதியில் அமர்ந்துள்ளன. தேயிலை மலைகளின் ‘கங்காணி’யும் ஆங்கிலத்தில் ஏறி, ‘ஸ்’ விகுதி பெற்றுக் ‘கங்காணீஸ்’ எனப் பன்மையாயிற்று.

நாம் கொண்டனவோ பல. அவற்றுள் ஒன்றை மட்டும் ஆராய்வோம். தொழிலாளர் குடியிருப்பு வரிசையாய்க் கட்டப்பட்டமையின் ஆங்கிலேயர் அதனை ‘லைன்’ என்றனர். நம் முன்னோர் அதனை ‘லயன்’ என்றும், பின்னர் ‘லயம்’ என்றும் ஆக்கினர். மகரவீற்றுப் பெயராய் ஆனதும் அச்சொல் ‘மரம்’ போலவே நடக்கத் தொடங்கியது. மரத்தில் என்பது போல் லயத்தில். மரங்கள் என்பது போல் லயங்கள். அத்துச் சாரியை என்ற பெயரையே கேட்டறியாதவர்கள் அயல்மொழிச் சொல்லுக்கு அத்துச் சாரியை கொடுத்தனர். கொழுந்துக் கூடையைச் சுமந்த முதுகுகளோடு, இலக்கணத்தைச் சுமந்த அறிவும் அவர்களிடம் இருந்தது. ‘பரேட்’ என்பது ‘பிரட்டு’ ஆனதும், ‘கண்டக்டர் ஐயா’ என்பது ‘கண்டக்கையா’ என மருவியதும் இவ்வறிவின் செயலே. அத்தகையோரின் வழித்தோன்றல்களுக்கு ‘இலக்கணம் வராது’ என்று யாரேனுஞ் சொன்னால் நம்பற்க.

முடிவுரை

1987ஆம் ஆண்டில் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. இணைப்பு என்பது இருபுறமும் கரை இருந்தாலே அமையும். ஒரு கரை தாய்மொழி. அது உறுதியாய் இல்லாதவிடத்துப் பாலம் நில்லாது. தமிழாசிரியனுக்கு ஆங்கிலத்தில் என்ன வேலை என்ற வினாவுக்கு நம் விடை இதுவே.

இம்மலையிலே ஆங்கிலத்தைக் கைக்கொண்டு மக்களுக்கு உழைத்தோர் முன்னரும் இருந்தனர். 1936ஆம் ஆண்டில் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான கோ. நடேசய்யர் தமிழிலும் ஆங்கிலத்திலும் பத்திரிகை நடத்தினார். 1914ஆம் ஆண்டிற் பிறந்து, 1947ஆம் ஆண்டில் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத் தொழிலாளரின் வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கி உலகறியச் செய்தார். இருவரும் தம் மொழியை விட்டு ஆங்கிலத்துக்குச் சென்றவரல்லர். தம் மொழியோடு சென்றவர்.

மாணவர்களே! நாளொன்றுக்கு ஐந்து ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னொட்டு, பகுதி, விகுதி எனப் பிரித்து எழுதுங்கள். அதே பகுதி உடைய வேறு இரு சொற்களைத் தேடுங்கள். அவற்றுக்கு நிகரான தமிழ்ச் சொல்லையும் அருகே பிரித்து வையுங்கள். ஓராண்டிலே அகராதி உங்களுக்கு அஞ்சத்தக்க நூலாயிராது. பழைய மாணவர்களே! ஊருக்கு வரும்போது, வீட்டு வாசலில் கடிதத்தோடு வந்து நிற்கும் முதியவரை ‘நாளை வாருங்கள்’ என்று அனுப்பாது, அண்டை வீட்டு மாணவனை அழைத்து அருகில் இருத்தி, அவனைக்கொண்டே படிப்பியுங்கள். கடிதமும் படிக்கப்படும், ஒரு மாணவனும் உருவாவான். கல்லூரித் தாய்க்கு இவ்விழா ஆண்டிலே நாம் யாவருஞ் செய்யத்தக்க தொண்டு அது.